கத்த வேண்டிய பலகை

ஓட்டுக்கூரைக்குக் கீழே மச்சில் கடைசிப் பலகையையும் அறைந்துவிட்டு, நல்லபெருமாள் ஆசாரி வெறுங்காலோடு நடந்து பார்த்தார். எந்தப் பலகை முனகுகிறதோ, அங்கே ஆப்பு வைத்து வாயை அடைத்துவிடுவார். அவர் போட்ட தளத்தில் ஆள் நடப்பதும் பூனை நடப்பதும் ஒன்றுதான்.

ஏணியில் பாதி ஏறி நின்று, வீட்டுக்காரி கோமு எட்டிப் பார்த்தாள்.

“ஏணிகிட்ட உள்ள பலகையில ஆணியைப் பிடுங்கிருங்க ஆசாரி. மிதிச்சா கத்தணும்.”

“நல்லா இருக்கே! கத்துதுன்னுதான் ஊர்ல என்னையக் கூப்பிடுவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “அவுக மேல ஏறினா எனக்கு அடுப்படியில கேக்கணும்.”

“அண்ணாச்சியா? சாமான் வைக்கணும், தளம் போடுன்னு சொன்னதே அவருதானே?”

“சாமான் ஏது? எல்லாம் கடனுக்குக் கடையோட போச்சு. ஓடு மாத்துறப்போ இந்த விட்டத்துல ஒரு கயிறு கட்டிக் கிடந்துச்சு. கேட்டா, துணி காயப்போடன்னாக. தளமே இல்லாத இடத்துல எவன் நின்னு துணி காயப்போடுவான்?”

ஆசாரி அண்ணாந்து பார்த்தார். விட்டத்தில் ஒரு சுற்று மட்டும் தூசி இல்லாமல் இருந்தது.

“அண்ணாச்சி நல்ல உசரம்லா?”

“ஆமா. ஏன்?”

“ஒத்தப் பலகைன்னா தாண்டிருவாரு.”

குந்தி உட்கார்ந்து, ஏணியிலிருந்து விட்டம் வரைக்கும் பலகை பலகையாக ஆணியைத் தளர்த்திக்கொண்டே போனார்.

கீழே கூடத்திலிருந்து குரல் வந்தது. “வேலை முடிஞ்சிட்டா ஆசாரி?”

“இல்ல அண்ணாச்சி. இன்னும் கிடக்கு.”