பின்சீட்டு

தங்கப்பன் தன் பைக்கை வாங்க வந்த நான்கு பேரை இதுவரை திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் ஜெசிந்தா போனாள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மலைக்கும் மழைக்கும் அஞ்சாத அந்தப் பெரிய பைக் முற்றத்தையே அடைத்துக்கொண்டு நின்றது.

"முட்டு மடங்க மாட்டேங்கு மக்களே, அதான் குடுக்கேன். இந்த முன்கண்ணாடிக்குப் பின்னால இருந்தா எந்த மழையிலயும் நெஞ்சு நனையாது," என்று முழங்காலைத் தடவியபடி தங்கப்பன் சாவியைக் கொடுத்தார். ஜெசிந்தா ஏறி உட்கார்ந்ததும், எப்போதும் அவர் பின்னால் உட்கார்ந்து போகும் மனைவி லீலாபாய் சேலைமேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினார். "ஓட்டிப் பாக்கதுன்னா பின்னால ஆளு வேணும்லா?"

தெருமுனை தாண்டுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது. ஜெசிந்தா தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தாள்; தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளம் ஒன்று வலிக்காமல் கடந்துபோனது. பிறகு இரண்டு தட்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினாள். தோளில் விழுந்த தட்டுகளை வைத்தே ஊரைச் சுற்றி வந்தார்கள். நெஞ்சு நனையவில்லை.

முற்றத்தில் குடையோடு காத்திருந்த தங்கப்பன் ஜெசிந்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்து, "எப்படி?" என்றார்.

"இவ தட்டினா கேக்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து ஜெசிந்தாவின் கையில் வைத்தார். "சந்தோசமா கொண்டு போ மக்களே."

வண்டியைத் திருப்பி நிறுத்திய ஜெசிந்தா பின்னால் பார்த்தாள். லீலாபாய் இன்னும் இறங்கவில்லை. மழைக்கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கப்பன் கேட்டை அகலத் திறந்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.