வீரசிங்கம் அங்கிளின் இரண்டாவது டிஸ்க்

1999 மார்ச்சில், பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்த கம்ப்யூட்டர் கடைக்கு வீரசிங்கம் அங்கிள் லேப்டாப்புடன் வந்தார். அவர் மனைவி பூரணம் ஆன்டி, தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு, லண்டனில் இருக்கும் மகனுக்காக அதில் பேசிப் பதிவு செய்வாராம். ஜனவரியில் ஆன்டி இறந்துவிட்டார். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்தது.

“ஒண்டையும் அழிச்சிடாத பிள்ளை. இன்னொரு டிஸ்க் போடு.”

“அதுக்கு சிடி டிரைவைக் கழட்டணும் அங்கிள். அப்புறம் பாட்டு கேக்க முடியாது.”

“எனக்குப் பாட்டு எதுக்கு? வீட்டில அவட குரல் இருந்தா போதும்லா.”

சிடி டிரைவ் இருந்த இடத்தில் புதிய டிஸ்க்கைப் பொருத்தினேன். அது காலியாக இருப்பதை அவருக்கும் காட்டினேன்.

ஜூனில் மறுபடியும் வந்தார். “நிறைஞ்சிட்டுது பிள்ளை.”

திறந்து பார்த்தேன். புதிய டிஸ்க் முழுவதும் பதிவுகள். மார்ச்சிலிருந்து நேற்று வரை ஒரு நாளும் விடுபடவில்லை. எல்லாமே மாலை ஐந்தேகால். கடைசிப் பதிவை ஓடவிட்டேன். கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல்.

“மகன், அப்பா இண்டைக்கும் சாப்பிடேல்ல.”

நான் அங்கிளை நிமிர்ந்து பார்த்தேன். சட்டை அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

“பிளாப்பி டிரைவையும் கழட்டிடு பிள்ளை,” என்றார். “அவ இன்னும் பேசி முடிக்கேல்ல.”