பின்னால் சேர்த்த அறை

ஆள் வராமல் மூடிப்போன சின்ன பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ ஆலயத்தை வாங்கி வீடாக்கியிருந்தார்கள் அந்தத் தம்பதி. அங்கே முன்பு ஊழியம் செய்த போதகரின் மனைவி ஒருநாள் பார்க்க வந்தார்.

"பிரசங்க பீடம் இருந்த இடம் இப்ப எங்க சமையலறை. கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் வீட்டுக்காரி.

"பசியாத்தறதும் ஊழியம்தாம்மா," என்று சிரித்தவர், பின் அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கியது.

"இந்த அறை எங்க காலத்துல இல்லையே?"

"வெறும் புல்தரையா கிடந்துச்சு. நாங்கதான் சேர்த்துக் கட்டினோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் மூத்தவன் பிறந்த அன்னைக்கே போயிட்டான். கல் வைக்க மனசு வரல. அந்தத் தொட்டில் இருக்கிற இடத்துலதான் புதைச்சோம்."

வீட்டுக்காரி ஓடிப்போய்க் குழந்தையை அள்ளக் குனிந்தாள்.

"எடுக்காதேம்மா, தூங்கட்டும்," என்று அவள் கையைப் பிடித்தார் அவர். "என் பிள்ளை இத்தனை வருஷம் தனியா கிடந்தான்."