கேட்காமல் சொன்ன கண்

தொண்டை அறுவை செய்யும் ஒரு கருவிக்குள் லேசரும் சின்னக் கண் ஒன்றும் குடியிருந்தன. லேசர் கட்டியைச் சுடும். பட்டுத் திரும்பும் ஒளியைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டி இருக்கும்வரை ஒளி மங்கலாகத் திரும்பும். நல்ல சதை தொடங்கியதும் வெளுப்பாகத் திரும்பும். உடனே கண், "போதும் அண்ணே" என்னும். லேசர் அணைந்துவிடும்.

ஒருநாள் லேசருக்கு எரிச்சல் வந்தது.

"உனக்கு வேற வார்த்தையே தெரியாதா? சுடுறவன் நான். எங்கே நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னு நான் சொன்னேனா அண்ணே?"

"அப்போ நான் கேட்டா மட்டும் சொல்லு."

கூச்சக்காரக் கண், "சரி அண்ணே" என்று ஒப்புக்கொண்டது.

மறுநாள் தெருத்தெருவாக மீன் கூவி விற்கும் செங்கமலம் வந்து படுத்தாள். குரல் நாணில் மிளகளவு கட்டி. லேசர் சுட்டது, கட்டி தீர்ந்தது, ஒளி வெளுப்பாகத் திரும்பியது. அண்ணன் கேட்கட்டும் என்று கண் காத்திருந்தது. ஓர் இமைப்பொழுதுதான். அதற்குமேல் பொறுக்கமாட்டாமல், "போதும்" என்றது. அதற்குள் லேசர் நல்ல நாணையும் சுட்டிருந்தது.

புண் ஆறியபின் செங்கமலம் திரும்பி வந்தாள். "எங்கே, மீன் விக்கிற மாதிரி கூவும்மா" என்றார் டாக்டர். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஏன்டா தம்பி உடனே சொல்லலை?" என்றது லேசர்.

"நீங்க கேக்கலையே அண்ணே."

இப்போதெல்லாம் லேசர் நொடிக்கு நொடி, "போதுமா தம்பி?" என்று கேட்கிறது. கண்ணும் தவறாமல் சொல்கிறது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் செங்கமலத்தின் மீன் கூடை போகிறது. கூவலுக்குப் பதில் அவள் ஆட்டும் மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது.