ஆறு மாசம் என்றான்

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முக்குங்க."

கட்டிலில் மல்லாந்து கிடந்தவன் முக்கினான்.

தொடைமேல் ஒரு துண்டு. விதைப்பையில் சில்லென்ற பசை. மருத்துவர் அதன்மேல் ஸ்கேன் கருவியை அழுத்தினார்.

இயந்திரத்திலிருந்து சத்தம் எழுந்தது. உடைந்த குழாயில் தண்ணீர் பீறிடுவதுபோல.

"கேக்குதா? மேல போகவேண்டிய ரத்தம் திரும்பக் கீழ இறங்குது."

கேட்டது. அவன் உடம்புக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

"ரத்தக்குழாய் புடைச்சுப்போயிருக்கு. வெரிகோசீல்னு சொல்லுவோம். ரத்தம் தேங்கினா சூடு கூடும். அந்தச் சூடு விதைக்கு ஆகாது. இடப்பக்கம் கொஞ்சம் சிறுத்தும் போச்சு. உங்க விந்தணு எண்ணிக்கை குறைஞ்சதுக்கு இதுதான் காரணமா இருக்கும்."

அவன் துண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நின்னே பாக்குற வேலையா?"

"ஜவுளிக்கடை சார். பட்டு செக்‌ஷன்."

"சாயங்காலமானா கனக்குமே."

"கனக்கும்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு மாசமா சார்."

மருத்துவர் எழுதிக்கொண்டார்.

ஆறு மாசம் இல்லை. கல்லூரி முடித்த வருடம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல. யாரிடம் போய்க் காட்டுவது? வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறந்துபோக முயன்றான்.

பிறகு கல்யாணம் ஆனது.

அது முடிந்து ஏழு வருடம். குழந்தை இல்லை. இந்த மாதிரிக் கட்டில்களில் எல்லாம் ஏறிப் படுத்தவள் அவன் மனைவி சண்முகவடிவுதான். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்த அன்று, கதவுக்கு வெளியே நின்ற அவனுக்கு அவள் முனகல் கேட்டது. மாதாமாதம் ஊசி. அம்மா சொன்ன விரதங்கள். வளைகாப்பு வீடுகளில் அவளை யாரும் வளையல் போடக் கூப்பிடுவதில்லை.

அவனையும் பரிசோதிக்க வேண்டும் என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள்.

இரண்டு முறையும் லீவு கிடைக்கவில்லை என்றான்.

"சின்ன ஆபரேஷன்தான். மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுவோம். நிறைய பேருக்குக் கூடுது. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது." மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, சேர்த்து வச்சுப் பேசிருவோம்."

"நானே சொல்லிக்கிடுதேன் சார்."

அறையைவிட்டு நடைபாதைக்கு வந்ததும் போன் அடித்தது. அம்மா.

"ஏய்யா, என்ன சொன்னாவ? அவளுக்கு என்னவாம்?"

"குறை எனக்குத்தாம்மா."

மறுமுனையில் சட்டென்று டிவி சத்தம் நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதய்யா. ஏழு வருசம் தாங்கிட்டா. இன்னும் கொஞ்ச நாளு தாங்குவா."

அம்மா இதைப் பிரியமாகத்தான் சொன்னாள். குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் என்றால் பேசுவாளே, அதே குரலில்.

அவன் போனை அணைத்தான். கட்டிலைவிட்டு இறங்கி பேன்ட்டை மாட்டும்போதே இந்த யோசனை அவனுக்கும் வந்திருந்தது.

வடிவு கூடத்தில் கடைசி நாற்காலியில் இருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். மடியிலிருந்த கோப்பு சரிந்தது. பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் ஊசி போடணுமாமா?"

"இல்ல."

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுவும் பொய்யில்லை.

அவள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணுமில்ல வடிவு. எனக்குத்தான். ஆபரேஷன் பண்ணணுமாம்."

அவள் அவனையே பார்த்தாள்.

"ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே. காட்ட வெக்கமா இருந்துச்சு."

எதிர் நாற்காலியில் ஒரு பெண் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் கவலைப்படவில்லை. வடிவு அழுவாள் என்று நினைத்தான். கத்துவாள் என்று நினைத்தான். எதற்கும் தயாராக நின்றான்.

அவள் கோப்பைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. நிதானமாகப் பின்னுக்குத் தள்ளி மறுபடி இழுத்து மூடினாள்.

வெளியே நடந்தாள்.

முருகன்குறிச்சி ஸ்டாப்பில் அவனுக்கு முன்னே பஸ் ஏறினாள். இருவர் அமரும் இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பக்கத்து இடத்தில் பையை வைத்தாள்.

அவன் கம்பியைப் பிடித்து நின்றான். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினான். இடப்பக்கம் கனக்கத் தொடங்கியது. நின்றான். வண்ணாரப்பேட்டை வந்தது. ஏறிய ஒருவர் பையைக் காட்டி, "ஆள் வருதாம்மா?" என்றார்.

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

யாரும் வரவில்லை. அவனும் உட்காரவில்லை.

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது. அவள் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கழுத்து நரம்பு துடிப்பது அவனுக்குத் தெரிந்தது.

பாலம் முடிகிற இடத்தில், திரும்பிப் பார்க்காமல், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.