பின்கதவுக் கைகள்

வேப்பமரத்து நிழலில், பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் சங்கரசுப்பு. முன்சக்கரங்களையும் இழுக்கவைக்கிற ஃபோர் வீல் மோட்டார், தண்ணீர் புகுந்து துருவேறிப் பக்கத்தில் கிடக்கிறது. "சவம், அன்னைக்குப் பாத்துக் கழுத்தறுத்துட்டு" என்று அதைத் தள்ளிவிட்டு, புதியதன் கடைசி போல்ட்டை முறுக்குகிறான். "ஏட்டி, இப்பம் சுவிட்சத் திருகு." டிரைவர் சீட்டில் பச்சைப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ராஜேஸ்வரி திருகுகிறாள். அடியில் டக்கென்று ஒரு சத்தம். அவள் முன்னால் பச்சை விளக்கு எரிகிறது. பிள்ளை திடுக்கிட்டுக் கைகளை விரிக்கிறது. "எரியுது, எரியுது!" என்கிறாள். அவன் வெளியே வந்து, சிரித்தபடி ரப்பர் குழாயை எடுக்கிறான். டயரிலிருந்து கருப்பாக வழிகிறது போன வார மண். பேறுகால வலியில் அவள் உள்ளே துடிக்க, இளையரசனேந்தல் கரிசலில் வண்டி புதைந்து நின்ற மண். தண்ணீர் பின்கதவுக்குத் திரும்புகிறது. அங்கே சேறு காய்ந்து, நெருக்கமாகக் கைத்தடங்கள்: ஆடு மேய்த்தவர்கள், களையெடுத்த பெண்கள், யார் எவரென்று கேட்காமல் ஓடிவந்து தள்ளியவர்கள். "அதக் கழுவாதிய" என்கிறாள் ராஜேஸ்வரி, பிள்ளையோடு இறங்கிவந்து. அவன் குழாயை மடக்கிப் பிடித்தபடி சொல்கிறான்: "மழை பெஞ்சா அதுவாப் போவட்டும். நாம அழிக்க வேண்டாம்."