தானியேலின் மொந்தை

“இன்னா முதலாளி, கள்ளா இது? முக்காவாசி தண்ணி!” காக்களூர் கள்ளுக்கடையே திரும்பிப் பார்க்கும்படி தானியேல் கத்தினான். “மத்தவன் மொந்தையில நுரை பொங்குது. சர்க்காரு மதுவிலக்கை எடுத்துட்டாங்க, என் மொந்தைக்கு மட்டும் இன்னும் எடுக்கலியா? நாளையிலேர்ந்து மணவாள நகர் கடைக்குப் போறேன்!”

முதலாளி சுப்பராயன் கல்லாவில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். தினமும் வாங்குகிற ஏச்சுதான்.

தானியேல் மொந்தையை டொக்கென்று வைத்துவிட்டு, விடுவிடுவென்று நடந்து வெளியேறினான்.

சுப்பராயன் அலுப்போடு தட்டிக்குப் பின்னால் போனார். அங்கேதான் ரோசம்மாள் கள் மொண்டு கொடுப்பாள்.

“உன்னால தெனம் பேஜாரு, ரோசம்மா. நாளைக்காவது அவனுக்குத் தண்ணியைக் கொறைச்சு ஊத்து.”

ரோசம்மாள் நிமிரவில்லை. “கொறைக்கிறேன், நைனா. அப்பால என் ஊட்டுக்காரரை ஊடு வரைக்கும் நீயே தூக்கிக்கினு போ.”